பேட்டரிக்குக் காட்டிய கற்பூரம்

எனக்குக் கோபம் வந்தால் குரல் மேலே போகும், கை தானாக இடுப்புக்கு வரும். கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்த புதிதில் இரண்டையும் அடக்கி வைத்திருந்தேன். ஒரு வருஷமும் நாலு மாதமும் அடக்கினேன். பிறந்த வீட்டில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அப்படிச் சேர்த்து வைத்தது அத்தனையும் ஓர் ஆயுத பூஜையன்று ஒரே மூச்சில் கொட்டியது, அதுவும் கற்பூரத் தட்டும் கையுமாக நின்ற என் மாமனார் மேல். காரணம் ஒரு மோட்டார் சைக்கிள் பேட்டரி.

எண்பதுகளின் தொடக்கம் அது. தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. மாமாவுக்கு மல்லாட்டை மண்டி. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். என் வீட்டுக்காரருக்குச் சேலத்தில் வேலை. அங்கே எனக்கொரு வீடு பார்த்துக்கொண்டிருப்பதாகக் கல்யாணமான மாதத்திலிருந்து எழுதிக்கொண்டே இருந்தார். அவர் வீடு பார்க்கிற லட்சணத்துக்கு நான் ஒரு வீடு கட்டியே முடித்திருக்கலாம். ஆக வீட்டில் நாங்கள் மூன்று பேர்: மாமா, அத்தை, நான். நாலாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் மாமாவின் மோட்டார் சைக்கிள்.

ஊரிலிருந்த நிலத்தில் ஒரு துண்டை விற்று வாங்கிய கறுப்பு வண்டி. மாமா அதைத் துடைக்கிற துணிக்குத் தனி ஆணி உண்டு. அந்தத் துணியில் நான் ஒருநாள் தெரியாமல் ஜன்னலைத் துடைத்துவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வண்டிக்கு அடுத்தபடியாக அவருக்குப் பெருமை அவருடைய மீசைதான். கன்னம் தாண்டி வெளியே நிற்கும், வாரம் ஒருமுறை மை போட்டுக்கொள்வார். எந்தக் கேள்வி கேட்டாலும் முதலில் மீசையைத் தடவிவிட்டு, “பாக்கலாம்” என்பார். அந்தப் பாக்கலாமை வைத்துக்கொண்டு நாம் ஒன்றும் பார்க்க முடியாது.

நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, அதற்கு மேல் பி.எட். முடித்தவள். சாம்பாரில் உப்பு ஜாஸ்தியானால், “கெமிஸ்ட்ரிக்காரி போட்ட உப்பு” என்று அத்தை கேலி செய்வார். சிரித்துக்கொள்வேன். ஆனால் ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் சூத்திரம் சட்டென்று ஞாபகத்துக்கு வரவில்லை. சாம்பல் கையோடு அப்படியே உட்கார்ந்து யோசித்தேன். வரவில்லை. அடுப்படியில் நின்று அழுதேன். படித்தது எல்லாம் என்னைவிட்டுத் தினம் கொஞ்சமாகக் கழன்று போகிறது என்று அவ்வளவு பயமாக இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அந்த வேலை ஆர்டர் வந்தது. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற மண்பாதையில் ஒரு கிராமம், அங்கே தனியார் நடத்துகிற ஓர் உயர்நிலைப் பள்ளி, அதில் அறிவியல் டீச்சர். விஜயதசமி நல்ல நாள் என்பதால் அன்றைக்குக் காலை பத்து மணிக்குள் வந்து கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டும், தவறினால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கிராமத்துக்குக் காலையில் ஒரே பஸ். அது போய்ச் சேருவது பதினொன்றரைக்கு.

அத்தை தெளிவாகச் சொல்லிவிட்டார். “உங்க மாமா வண்டில கொண்டும்போய் வுட்டு, சாயங்காலம் இட்டுனு வரதா இருந்தா போ. நடுரோட்ல பஸ்ஸுக்கு நின்னுகினு இருக்கற வேலையெல்லாம் நம்ம வூட்டுப் பொம்பளைங்களுக்கு வாணாம்.”

மாமாவுக்கும் அந்தப் பக்கத்துக் கிராமங்களில்தான் மல்லாட்டை பார்க்கிற வேலை. ஆசையோடு அவர் முகத்தைப் பார்த்தேன். மீசையைத் தடவினார்.

“பாக்கலாம்.”

சரி, அத்தை சொன்னது பாதிச் சம்மதம், இது கால் சம்மதம், முக்கால் ஆயிற்று என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டு, இருப்பதில் நல்ல புடவையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தேன். அந்த வேலை எனக்கு வேண்டும். அதற்கு வண்டி ஓட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

வண்டி ஓடவில்லை.

எங்கள் தெருவில் நவராத்திரிக்கு அம்மன் பந்தல் போடுவார்கள். மாமாதான் கமிட்டித் தலைவர். தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை கரண்ட் கட். அம்மனை இருட்டில் விடலாமா? மாமா வண்டியைப் பந்தலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, அம்மனின் தலைக்குப் பின்னால் ஒரு பல்பை எரியவிட்டார். தெருவே மூக்கில் விரல் வைத்தது. “தலைவருன்னா இவருதான்” என்றார்கள். புகழ்ச்சியில் மயங்கி, கரண்ட் வந்த பிறகும் பல்பை அணைக்க மறந்துவிடுவார். இப்படியே ஏழு நாள். அத்தனை நாளும் மண்டிக்கு நடந்தே போனார். வண்டி ஓடினால்தானே பேட்டரியில் திரும்பச் சார்ஜ் ஏறும்? அது பந்தலிலேயே நின்றது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலை, வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டுக் கிக்கரை உதைத்தார். இருமக்கூட இல்லை. இன்னொன்று. இன்னொன்று. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உதைத்தார். தெருக்காரர்கள் ஆளுக்கொரு கை கொடுத்துச் சந்து முனைவரைக்கும் தள்ளிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

“கண்ணு பட்டிருச்சு” என்றார் மாமா, மூச்சு வாங்கிக்கொண்டு. “ஏழு நாளா எவன் எவனோ வண்டியப் பாத்துகினு இருந்தான்.”

அத்தை எலுமிச்சம்பழம் எடுக்க உள்ளே ஓடினார். நான் வாசல்படியில் நின்றபடி, “மாமா, பேட்டரி காலி” என்றேன்.

அந்த வண்டியைப் பற்றி நான் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. மாமா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

“லைட்டு எரியலன்னா பேட்டரின்னு சொல்லு, ஒத்துக்கறேன். வண்டி கிளம்பறதுக்கும் அதுக்கும் இன்னாம்மா சம்பந்தம்?”

அந்த மாதிரி வண்டிக்குச் சம்பந்தம் உண்டு. பேட்டரி கொடுக்கிற மின்சாரத்தில்தான் பிளக்கில் பொறி வரும். பொறி இல்லாவிட்டால் பெட்ரோல் டேங்க் நிறைய இருந்தும் பிரயோசனமில்லை. நான் சொன்னதை மாமா ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டும் வண்டி அசையாததால் பேட்டரியைக் கழற்றினார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த சார்ஜ் கடைக்கு இருவரும் போனோம். நானும் வருவேன் என்று ஒரே பிடிவாதமாக நின்றதால் அழைத்துப் போனார். பேட்டரி சாயாமல் இருக்க ஒரு தாம்பாளத்தில் வைத்து நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன். சீர் வரிசை போகிறதென்று நினைத்து எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். கடையைக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். “மூணு நாளு லீவுங்க. பூஜை முடிச்சுட்டு வாங்க” என்றார் திரும்பிப் பார்க்காமலே. மாமா அதுதான் சாக்கென்று, பக்கத்துக் கடையில் வெற்றிலை போடப் போய்விட்டார். நான் நகரவில்லை. நாளை மறுநாள் காலை பத்து மணிக்குள் நான் எங்கே நிற்க வேண்டும், ஏன் நிற்க வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் மட்டையைச் சுண்ணாம்பு வாளியில் போட்டுவிட்டுத் திரும்பினார். அப்போதுதான் கவனித்தேன், அவருக்கு இடது புருவம் பாதிதான் இருந்தது.

“கெமிஸ்ட்ரியா படிச்சீங்க? அப்ப சொல்லுங்க. சார்ஜ் போடறப்ப இந்த மூணு மூடியும் தொறந்திருக்கணுமா, மூடியிருக்கணுமா?”

“தொறந்திருக்கணும். உள்ளேர்ந்து ஹைட்ரஜன் வரும். அது வெளிய போகணும்.”

“எங்க வைப்பீங்க?”

“காத்தோட்டமான எடத்துல. பக்கத்துல பீடி, வெளக்கு, அடுப்பு எதுவும் கூடாது.”

“மொதல்ல சுவிட்சா, கிளிப்பா?”

“கிளிப்பு. செவப்பு ப்ளஸ்ல, கறுப்பு மைனஸ்ல. அப்புறம்தான் சுவிட்ச். கழட்டறப்ப சுவிட்ச அணைச்சுட்டுதான் கிளிப்புல கை வைக்கணும். இல்லன்னா பொறி பறக்கும்.”

“ஆசிட் மேல பட்டா?”

“தண்ணி. நெறைய தண்ணி.”

யுனிவர்சிட்டி வைவாவில்கூட நான் இவ்வளவு வேகமாகப் பதில் சொன்னதில்லை. அவர் சிரித்துவிட்டுத் தன் பாதிப் புருவத்தைத் தொட்டுக் காட்டினார். “போன ஆயுத பூஜைக்கு, சார்ஜ்ல இருந்த பேட்டரிக்குக் கிட்டப் போயி கற்பூரம் காட்டுனேங்க. டப்புனு ஒரு சத்தம். செவுத்துல இருந்த காலண்டரு கீழ வுழுந்துச்சு. பாதிப் புருவத்தோட போச்சுன்னு நெனச்சுக்கினேன்.”

ஒவ்வோர் அறையிலும் தகடு மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினார். ஒரு கண்ணாடிக் குழாயால் உள்ளிருந்த திராவகத்தை உறிஞ்சிப் பார்த்து, “சாவல, மயக்கந்தான்” என்றார். மெதுவாக ஏற்ற வேண்டும், பத்து மணி நேரமாவது ஆகும், அவசரப்பட்டு வேகமாக ஏற்றினால் கொதித்துத் தகடு போய்விடும் என்று சொல்லி, ஒரு சின்னச் சார்ஜரைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார். மாமா வாயில் வெற்றிலையோடு வந்து சேர்ந்தபோது அவரிடம் சொன்ன ஒரு வார்த்தைதான் பிறகு எல்லா வினையையும் கொண்டுவந்தது.

“நைனா, உங்க மருமவளுக்கு எல்லாம் தெரியுது. அவங்க பாத்துக்குவாங்க. நீங்க மட்டும் அதுங்கிட்டப் போவாதீங்க.”

தன் வண்டியின் பேட்டரிக்குக் கிட்டத் தானே போகக்கூடாதாம்! வீடு வந்து சேரும்வரை மாமா வாயைத் திறக்கவில்லை. வெற்றிலைச் சாற்றைக்கூடத் துப்பவில்லை.

மறுநாள் ஆயுத பூஜை. காலை ஆறு மணிக்கே பின்பக்கத் தாழ்வாரத்தில் ஒரு பலகை போட்டு, அதன் மேல் பேட்டரியை வைத்து, மூன்று மூடிகளையும் கழற்றி, கிளிப் மாட்டி, சுவிட்சைப் போட்டேன். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். அத்தையின் ஆப்ப சோடா டப்பா, திராவகம் எங்காவது சிந்தினால் தூவ. ஆறிலிருந்து பத்து மணி நேரமென்றால் மாலை நாலுக்குள் முடியும், கரண்ட் கட் வருவதற்கு முன். கொஞ்ச நேரத்தில் ரசம் நுரை கட்டுவதற்கு முன்னால் ஓரத்தில் வருமே, அது போலச் சின்னச் சின்னக் குமிழ் வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. கல்லூரி லேபின் வாடை அடித்தது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் சூத்திரம்கூடத் தானாக வந்தது!

“யாரும் கிட்டப் போகாதீங்க” என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

பத்து மணிக்குப் பூஜை. சுண்டல், வடை, பாயசம், சாம்பார் என்று அடுப்பில் ஒன்று மாற்றி ஒன்றாக ஏறியது. பத்தேகாலுக்குத் தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தால் பலகை காலி. கிளிப் இரண்டும் தரையில் கிடந்தன. சுவிட்ச் போட்டது போட்டபடி இருந்தது. அணைக்காமலே பிடுங்கியிருக்கிறார்கள்! சுவிட்சை அணைத்துவிட்டுப் பூஜை அறைக்கு ஓடினேன்.

விளக்கு அணையக் கூடாதென்று ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். அரிவாள், கத்தி, தராசு, மரக்கால், அரிவாமனை, மூட்டையைக் குத்திப் பார்க்கிற மண்டிக் குத்தூசி எல்லாம் வரிசையாகச் சந்தனம் குங்குமத்தோடு இருந்தன. ஒரு பக்கம் சரஸ்வதிக்கென்று என் புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் நடுநாயகமாகப் பேட்டரி. மூன்று அறைக்கும் மூன்று பொட்டு. கழுத்தில் கதம்பச் சரம். மூடிகள் மட்டும் இல்லை. மண்டி ஆட்கள் நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தயாராக நின்றார்கள். அத்தை மணியடித்துக்கொண்டிருந்தார். மாமா கற்பூரத்தைக் கொளுத்தி, தட்டைத் தூக்கி, அம்மன் படத்துக்கு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, குனிந்து நேரே பேட்டரியின் திறந்த வாய்க்குக் கொண்டுவந்தார்.

“நிறுத்துங்க!”

மணி நின்றது. என் கை இடுப்பில் இருந்தது. அடக்கி வைத்த குரல் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் வெளியே வந்துவிட்டது. மாமனார் காட்டுகிற கற்பூரத்தை மருமகள் நிறுத்துவதா? அத்தையின் முகத்தில் ஈயாடவில்லை.

மாமாவுக்குக் கண் சிவந்தது. “இன்னாம்மா நீ? சாமிக்குக் காட்டற கற்பூரத்த…”

ஹைட்ரஜன், ஆக்சிஜன், தீப்பொறி என்று நான் பாடம் நடத்தியிருந்தால் அவர் தட்டை இன்னும் தாழ்த்தியிருப்பார். எனக்கு எங்கிருந்து தோன்றியதோ தெரியவில்லை.

“மீசை போயிடும் மாமா!”

தட்டு அந்தரத்தில் நின்றது.

“கடைக்காரருக்குப் பாதிப் புருவந்தான் இருந்துச்சு, பாத்தீங்களா? போன வருஷம் இதே மாதிரி கற்பூரம் காட்டுனாராம். டப்புனு வெடிச்சுதாம்.”

மாமா தட்டை மெல்லப் பின்னால் இழுத்தார். இன்னொரு கை தானாகப் போய் மீசையை மூடிக்கொண்டது. மண்டி ஆட்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். நான் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தேன். பேட்டரியைச் சாய்க்காமல் தூக்கி முற்றத்துக்குக் கொண்டுபோனேன். திரும்பி வந்து அது இருந்த இடத்தைப் பார்த்தால் என் ஆர்டர்! பழுப்புக் கவரோடு பேட்டரிக்கு ஆசனமாகப் போட்டிருக்கிறார்கள். மூடியில்லாமல் சாய்த்துத் தூக்கி வந்ததில் திராவகம் வழிந்து, கவரின் மேல் ஈரமாக ஒரு திட்டு. அத்தைதான் சரஸ்வதிக்கென்று எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டி மனசுக்குள் நன்றாகத் திட்டினேன். கவர் மேல் ஆப்ப சோடாவை அள்ளித் தூவினேன். புசுபுசுவென்று பொங்கி அடங்கியது. தட்டித் துடைத்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்தேன். கவரைத் திறந்து பார்க்கவில்லை. கெமிஸ்ட்ரி படித்தவள், பார்க்கவில்லை.

கற்பூரம் பாதியில் நிற்கக் கூடாது என்று அத்தை பிடிவாதம் பிடித்தார். கடைசியில் மாமா வாசற்படியில் நின்று, கையை முழுசாக நீட்டி, முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்த பேட்டரிக்குப் பத்தடி தூரத்திலிருந்து கற்பூரம் காட்டினார். முகத்தை மட்டும் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். பேட்டரியை வேண்டிக்கொண்டது அன்றைக்கு நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதோடு முடிந்தது என்று பேட்டரியைப் பலகைக்குத் தூக்கிக்கொண்டு போனால், அத்தை குறுக்கே வந்து நின்றார்.

“அத எங்க எடுத்துனு போற? பூஜைல வச்ச ஆயுதத்த நாளைக்குக் காலைல புனர்பூஜை பண்ணிட்டுதான் தொடணும். இன்னிக்கு அதுக்கு லீவு.”

“அத்தை, இன்னும் ஆறு மணி நேரம் சார்ஜ் ஏறணும். இல்லன்னா நாளைக்குக் காலைல வண்டி எடுக்காது. பத்து மணிக்குள்ள நான் அங்க இருக்கணும்.”

“அருவாளுக்கு லீவு. தராசுக்கு லீவு. இது மட்டும் இன்னா ஒசத்தி?”

ஏற்கெனவே ஒருமுறை வாயைத் திறந்தாயிற்று. இனிமேல் மூடி என்ன லாபம்?

“எல்லாத்துக்கும் லீவுதான். சரி. அடுப்புல இருக்கற கரண்டிக்கு எங்க அத்தை லீவு? அரிவாமனைக்கு லீவு குடுக்கணும்னு நேத்தே உக்காந்து எல்லாக் காயும் நறுக்குனோம். நீங்களும் நானுந்தான். கை வீங்கிப் போச்சு. லீவு அரிவாமனைக்கா, நமக்கா? மாமா குத்தூசிய சாமிகிட்ட வச்சுட்டு அவரு உக்காந்துட்டாரு. நம்ம கரண்டி மட்டும் ஆயுதம் இல்லையா?”

செத்தேன் என்று நினைத்தேன். அத்தை விறுவிறுவென்று அடுப்படிக்குள் போனார். சாம்பாரில் கிடந்த கரண்டியை எடுத்தார். கழுவினார். துடைத்தார். பூஜை அறைக்குக் கொண்டுவந்து அதற்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்து, அரிவாளுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

“முப்பது வருஷமா எனக்கு இது தோணலயே” என்றார், யாரிடமென்றும் இல்லாமல்.

மாமா வாசற்படியிலிருந்து அடுப்படியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். “சாப்பாடு?”

“பொரி கீது. சுண்டல் கீது. அள்ளித் துன்னுங்க.”

“வடை?”

“மாவு கீது. கரண்டிக்குத்தான் லீவு.”

“இன்னாடி இது அநியாயமா கீது?”

“த பாருங்க. கரண்டிக்கு லீவுன்னா பேட்டரிக்கும் லீவு. கரண்டி வேலை செய்யணும்னா பேட்டரியும் செய்யட்டும். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

சாம்பார் வாசனை முற்றம் வரைக்கும் வந்துகொண்டிருந்தது. மாமா மீசையைத் தடவினார். பாக்கலாம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

“பேட்டரியப் போடும்மா” என்றார்.

பதினொன்றரைக்குக் கிளிப்பை மாட்டிச் சுவிட்சைப் போட்டேன். அத்தை கரண்டிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போய் வடைக்கு எண்ணெய் வைத்தார். மாலை ஆறுக்குச் சரியாகக் கரண்ட் போனது. அதற்குக் கால்மணி முன்பே மூன்று அறையிலும் ஒரே அளவாகக் குமிழ் பொங்க ஆரம்பித்துவிட்டது. கடைக்காரர் சொன்ன அடையாளம் அதுதான். சுவிட்சை அணைத்தேன். கிளிப்பைக் கழற்றினேன். கொஞ்ச நேரம் ஆறவிட்டு மூடியைத் திருகினேன். சோடாத் தண்ணீரில் நனைத்த துணியால் மேலெல்லாம் துடைத்தேன். பொட்டு மூன்றும் அழிந்தது. மாமா தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஜயதசமி காலை பேட்டரியை வண்டியில் மாட்டியதும் மாமா கிக்கரை உதைத்தார். ஒரே உதை. தெரு முழுக்கச் சத்தம். அத்தை வாசலுக்கு ஓடி வந்து, சிரிப்பைக் காட்டாமல், “பாத்துப் போங்க” என்றார். மாமா பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டார். எதுக்கு என்று கேட்டால், “எரியுதான்னு பாக்க வேணாமா?” என்றார். ஹேண்டில் பாரில் கட்டிய வாழைக்கன்று ஆட, மலையை வலது கைப்பக்கம் விட்டுவிட்டுச் செங்கம் ரோட்டில் போனோம். ஒன்பதே முக்காலுக்குப் பள்ளிக்கூடத்தில் நின்றோம்.

தலைமையாசிரியர் ஒல்லியான மனுஷர், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். கவரை நீட்டினேன். உள்ளேயிருந்த காகிதத்தை எடுத்து, நாலாக மடித்திருந்ததைப் பிரித்தார். காகிதத்தில் நாலு ஓட்டை. கோலப்புள்ளி வைத்ததுபோல வரிசையாக, விரல் நுழைகிற அளவில். சுற்றிலும் கறுப்பு. அதில் ஒன்று தாளாளரின் கையெழுத்து இருந்த இடம். கவருக்கு மேலே சோடா தூவியவள் உள்ளே ஊறியதைப் பார்க்கவில்லை. ராத்திரி முழுவதும் அது நிதானமாகத் தின்றிருக்கிறது.

அவர் ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். “இன்னாம்மா இது? கையெழுத்தே இல்லாத ஆர்டர வச்சுகினு நான் எப்படி ஜாயின் பண்ண வுடறது?”

சல்ஃபியூரிக் ஆசிட் என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டேன். இத்தனையும் பண்ணி, சண்டை போட்டு, கடைசியில் நானே கோட்டை விட்டேனே என்று இருந்தது. சுவரில் கடிகாரம் பத்துக்கு ஐந்து நிமிஷம் காட்டியது.

“சார்.” மாமாவின் குரல் பின்னாலிருந்து வந்தது. வெளியே வண்டிக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்திருந்தேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். மண்டியில் கலெக்டரே வந்தாலும் துண்டைத் தோளிலிருந்து எடுக்காதவர்.

“அத ஓட்டை பண்ணது நானுங்க. எங்க வூட்ல பெருமையா சொல்லிக்கறதுக்கு ரெண்டுதான் கீது சார். ஒண்ணு என் வண்டி, இன்னொண்ணு இந்தப் பொண்ணு வாங்கினு வந்த ஆர்டரு. ரெண்டையும் சாமிகிட்ட ஒண்ணா வைக்கணும்னு ஆசைப்பட்டு, அதும்மேல பேட்டரிய வச்சுட்டேன். ஒழுவும்னு எனக்குத் தெரியாது. இந்தப் பொண்ணுக்குத் தெரியும். கிட்டப் போவாதீங்கன்னு சொல்லிச்சு. நாந்தான் கேக்கல. அதும்மேல தப்பு இல்லைங்க.”

அத்தை வைக்கவில்லை. மாமா வைத்திருக்கிறார். இத்தனை நாளும் ‘பாக்கலாம், பாக்கலாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷர். எனக்கு அழுகை வந்துவிட்டது. இஸ்திரி போட்ட புடவைத் தலைப்பிலேயே துடைத்துக்கொண்டேன்.

தலைமையாசிரியர் காகிதத்தை மேஜைமேல் வைத்தார். “பேட்டரி சார்ஜ் பண்ணத் தெரியுமா உங்களுக்கு?” என்று என்னைக் கேட்டார்.

“தெரியும் சார்.”

“நம்ம லேப்ல ஒண்ணு ரெண்டு வருஷமா செத்துக் கெடக்குது. கிட்டப் போவ எல்லாருக்கும் பயம்.” வருகைப் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். “பேர எழுதிக் கையெழுத்துப் போடுங்க. தாளாளர் பூஜைக்கு வருவாரு, வேற ஆர்டர்ல கையெழுத்து வாங்கிக்கலாம்.”

பத்துக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது எழுதினேன். அவசரத்தில் எழுத்து கோணிக்கொண்டு போயிருக்கும், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்குச் சேர்க்கை மட்டும்தான், வகுப்பு இல்லை. மத்தியானம் வெளியே வந்தேன். மைதானத்தின் அந்தக் கோடியில் புளியமரத்தடியில் மாமா வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். எஞ்சினை நிறுத்தியிருந்தார். உச்சி வெயிலில் ஹெட்லைட் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

“மாமா! லைட்ட அணைங்க!” என்று பள்ளிக்கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். கை இடுப்பில் இருந்தது.

“நீ தூரத்துல இருந்து பாக்கணும்னுதான் போட்டேன்” என்றார் மாமா. நான் பக்கத்தில் போன பிறகும் அணைக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். “எரியட்டும்மா. செத்தா, அதான் நீ இருக்கற இல்ல?”